சாவில அமுக்குனா டிக்கி திறக்கல: ஒரு கறுப்பு ஒயர் என்னை ரெண்டு மாசம் சுத்த விட்ட கதை

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலத்தோட வேலை முடிஞ்சது. இன்னிக்கு வரைக்கும் தினமும் குறைஞ்சது பத்து தடவ அமுக்கிப் பாக்குறேன், பத்து தடவையும் திறக்குது. அந்த தைரியத்துலதான் எழுதுறேன், ஏன்னா இதுக்கு முன்னாடி ஒரு தடவ சரியாயிருச்சுன்னு வீட்டுல எல்லார்ட்டயும் பெருமையடிச்சு ஒன்பதாவது நாள் மூக்கு உடைஞ்சது, அதையும் கீழ சொல்லிருக்கேன்.

வண்டி 2011 மாடல் செடான், பழசா வாங்கினது. கம்பெனி பேர் வேணாம், தப்பு அவங்களோடதும் இல்ல, பதிமூணு வருசம் டிக்கி மூடியத் திறந்து மூடுனா எந்த வண்டிக்கும் இது வரும். நமக்கு செங்கோட்டை. வாரத்துக்கு ரெண்டு நாள் முறுக்கு, சீவல், மிக்சர் பாக்கெட்ட டிக்கில அடுக்கிட்டு புளியரை ஏறி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரைக்கும் பேக்கரி பேக்கரியா போட்டுட்டு வர்றது நம்ம தொழில். அதனால டிக்கி திறக்கலன்னா யாவாரமே நின்ன மாதிரி. ரெண்டு கையிலயும் அட்டைப்பெட்டிய வச்சுகிட்டு கட்ட விரலால சாவில அமுக்கி டிக்கி தானா மேல எந்திரிக்கிறது ஒரு சுகம், அது இல்லாதப்பதான் தெரியும்.

ஜூன் நடுவுல, குத்தாலத்துல சாரல் ஆரம்பிச்சு ஒரு வாரம் இருக்கும், சாவில டிக்கி பட்டன் வேலை செய்யல. கதவு பூட்டுது, திறக்குது, அதெல்லாம் சரியா இருக்கு. டிக்கி மட்டும் சில நேரம் திறக்கும், சில நேரம் திறக்காது, மழை அன்னிக்கு சுத்தமா திறக்காது. நான் உடனே முடிவு பண்ணிட்டேன், சாவி ஈரமாயிருச்சு, பேட்டரி போச்சு. இதுதான் முதல் தப்பு. சாவிக்குள்ள சிஆர் 2032, அதே பொத்தான் பேட்டரி, 60 ரூபா. பழசக் கழட்டி மீட்டர்ல பாத்தா 2.96 வோல்ட், புதுசு 3.2. பெருசா வித்தியாசம் இல்லன்னு அப்பவே தெரிஞ்சுருக்கணும், கதவு திறக்குதுல்ல, அதுக்கும் இதே பேட்டரிதான. ஆனா காசு குடுத்து வாங்கிட்டோமே, மாட்டுனேன். ஒரு மாத்தமும் இல்ல.

அடுத்து மச்சினன் ஒரு யோசனை சொன்னான், டிவி ரிமோட்ட போன் கேமராவுல பாத்தா முன்னாடி பல்பு மின்னும்ல அத்தான், அது மாதிரி பாருங்கன்னு. ரெண்டு பேரும் லைட்ட அணச்சுட்டு இருட்டு ரூம்ல கார் சாவிய கேமராவுக்கு நேரா பிடிச்சு அமுக்கு அமுக்குன்னு அமுக்கிட்டு நின்னோம். டிவி ரிமோட்ல இருந்து வர்றது வெளிச்சம், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், கேமராவுக்குத் தெரியும். கார் சாவில இருந்து வர்றது ரேடியோ, நம்மூர் வண்டிகள்ல பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ், அது எந்தக் கேமராவுலயும் தெரியாது. அப்புறம்தான் புத்திக்கு எட்டுச்சு.

மூணாவது, சாவிக்குள்ள அந்த பட்டனுக்குக் கீழ இருக்க சின்ன சுவிட்ச். சதுரமா, 6 மில்லிமீட்டருக்கு 6 மில்லிமீட்டர், அமுக்குனா டிக்குன்னு சத்தம் வரும்ல, அது. தென்காசில எலக்ட்ரானிக்ஸ் கடைல ஒண்ணு 5 ரூபா, பத்து வாங்குனேன், கெட்டுப்போனா இருக்கட்டும்னு. 25 வாட்ஸ் சால்டரிங் அயன வச்சு பழசப் புடுங்கி புதுச வச்சேன், புடுங்குறப்ப போர்டுல ஒரு செம்புத் தடம் அரை மில்லி தூக்கிருச்சு, உயிரே போச்சு, நல்லவேளை ஒட்டிக்கிச்சு. ஒண்ணேகால் மணி நேர வேலை. பட்டன் இப்ப புது மாப்பிள்ளை மாதிரி மிடுக்கா அமுங்குது, டிக்கி மட்டும் திறக்கல.

இதுல நான் என்னையே செருப்பால அடிச்சுக்கணும்னு தோணுறது எங்கன்னா, டிக்கி பட்டன அமுக்கிப் பிடிச்சா வண்டி இண்டிகேட்டர் ரெண்டு தடவ மின்னும், நம்ம வண்டில அப்படித்தான். அந்த ரெண்டு மாசமும் ஒவ்வொரு தடவையும் மின்னிட்டுத்தான் இருந்துச்சு. அப்படின்னா என்ன அர்த்தம், சாவி பேசிருச்சு, வண்டி கேட்டுருச்சு, கேட்டுட்டு சரின்னு கண்ணையும் சிமிட்டிருச்சு, அதுக்கப்புறம் எங்கயோதான் கோளாறு. அந்தக் கண் சிமிட்டல கவனிச்சுருந்தா சாவியத் திறந்துருக்கவே வேண்டாம். டிரைவர் சீட்டுக்குக் கீழ ஒரு டிக்கி பட்டனும் இருக்கு, அதையும் ஒரு தடவ அமுக்கிப் பாத்துருந்தா போதும், அதுலயும் திறக்கல. சாவி, உள் பட்டன் ரெண்டுலயும் திறக்கலன்னா ரெண்டுக்கும் பொதுவான இடத்துலதான தப்பு இருக்கும். இது தெரிய எனக்கு மூணு வாரம் ஆச்சு.

அப்புறம் பியூஸ். பியூஸ் பெட்டி மூடிக்குப் பின்னாடி படம் போட்டுருக்கும், அதப் பாத்து டிக்கிக்கு உண்டான நீலக் கலர் 15 ஆம்பியர் பியூஸ உருவிப் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. திருநெல்வேலில ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்ல காட்டுனேன், லேப்டாப்ப மாட்டிப் பாத்துட்டு பிசிஎம் மாத்தணும் சார்னாங்க, பிசிஎம்ங்கறது கதவு லைட்டு பூட்டு எல்லாத்தையும் ஆட்டி வைக்கிற பெட்டி, 14,000 ஆகும்னு சொன்னாங்க. கும்புடு போட்டுட்டு வந்துட்டேன்.

ஜூலைல ஒரு நாள் லோடோட போறப்ப ஒரு செக்போஸ்ட்ல டிக்கியத் திறங்கன்னாங்க. அமுக்குறேன், இண்டிகேட்டர் மின்னுது, திறக்கல. திரும்ப அமுக்குறேன், மின்னுது, திறக்கல. அவரு என் மூஞ்சியப் பாக்குறாரு, நான் டிக்கியப் பாக்குறேன். சார் ரிப்பேர் சார்னா, உள்ள என்ன இருக்குன்னாரு, முறுக்கு சார்னேன். நமக்கே அது திருட்டு முழி முழிச்சுகிட்டு சொன்ன மாதிரிதான் கேட்டுச்சு. கடைசில டிக்கி மூடில நம்பர் பிளேட்டுக்கு மேல ஒரு சாவித் துவாரம் இருக்குன்னு ஞாபகம் வந்துச்சு, சாவியப் போட்டா பாதி போகுது, திரும்ப மாட்டேங்குது, பதிமூணு வருசமா யாரும் போட்டதே இல்ல போல. வண்டில கெடந்த துரு எடுக்குற ஸ்பிரேய அடிச்சு பத்து நிமிசம் ஆட்டி ஆட்டித் திறந்தேன். உள்ள முறுக்குத்தான் இருந்துச்சு. பின்னாடி லாரிக்காரங்க ஹாரன் அடிச்சுத் தீத்துட்டாங்க.

அன்னிக்கே வீட்டுக்கு வந்து டிக்கியத் திறந்து வச்சுகிட்டு ஒக்காந்தேன். இங்கதான் கதை சூடு பிடிக்குது. டிக்கிய மேல தூக்கி வச்சுகிட்டு, பூட்டு நாக்க ஒரு ஸ்க்ரூடிரைவரால அமுக்கி மூடுன மாதிரி வச்சுட்டு, சாவில அமுக்குனா 'டொப்'னு நாக்கு விடுது. இருபது தடவ பண்ணேன், இருபதும் சரி. மீட்டர வச்சா பூட்டுக்குப் போற ஒயர்ல அமுக்குற நேரத்துக்கு 12.4 வோல்ட். எல்லாம் ஜோர். டிக்கிய மூடி அமுக்குனா திறக்கல, காத மூடில வச்சுக் கேட்டா உள்ள எறும்பு தும்முன மாதிரி ஒரு சின்ன 'டிக்', அவ்வளவுதான். திறந்து வச்சா வேலை செய்யுது, மூடுனா செய்யலன்னா நான் என்ன நெனச்சேன், மூடுறப்ப ரப்பர் பீடிங்கு தள்ளுற தள்ளுல பூட்டு இறுகுது, மோட்டாருக்கு இழுக்க சத்து பத்தல. கேக்குறதுக்கு எவ்வளவு நியாயமா இருக்கு பாருங்க. இந்த நியாயமான தப்புக்குத்தான் அதிகமா செலவாச்சு.

முதல்ல பூட்டக் கழட்டி பெட்ரோல்ல பிரஷ் போட்டு கழுவி வெள்ளை கிரீஸ் வச்சேன், 10-ம் நம்பர் ஸ்பேனர்ல மூணு போல்ட்டு. கழட்டுறதுக்கு முன்னாடி பூட்டு ஒக்காந்த இடத்த சுத்தி மார்க்கர்ல கோடு போட்டு வச்சேன், நான் உருப்படியா பண்ண ஒண்ணு ரெண்டு காரியத்துல அதுவும் ஒண்ணு. உள் அட்டைய எடுக்குறப்ப ஒன்பது பிளாஸ்டிக் கிளிப்புல மூணு உடைஞ்சது. திரும்ப மாட்டி மூடுனா பழைய குருடி கதவத் திறடி. அப்புறம் கீழ பாடில இருக்க கொக்கிய ரெண்டு மில்லி மேல ஏத்துனேன், டிக்கி மூடுறப்பயே ஆட ஆரம்பிச்சுருச்சு, காட்டு ரோட்டுல கடகடன்னு சத்தம், திரும்ப இறக்குனேன். அடுத்து, மோட்டாருக்கே வயசாயிருச்சுன்னு முடிவு பண்ணி பழைய வண்டி உடைக்கிற இடத்துல அதே மாடல் பூட்டு ஒண்ணு 1,400 ரூபாய்க்கு வாங்கி வந்து மாட்டுனேன். திறந்து வச்சா 'டொப்'. மூடுனா எறும்பு.

இதுக்கு நடுவுல ரெண்டு பேரு எனக்கு விடையச் சொல்லிட்டாங்க, நான்தான் காதுல வாங்கல.

ஒண்ணு மச்சினன். ராத்திரி என் பின்னாடியே பைக்ல வந்தவன் இறங்குனதும் கேட்டான், அத்தான் நீங்க பிரேக் மிதிச்சா நம்பர் பிளேட் லைட் அணையுது, விட்டா எரியுது, மேல இருக்க பிரேக் லைட்டும் எரியல, என்ன சங்கதின்னு. மேல பல்பு பியூஸ் போயிருக்கும்லே, இப்ப டிக்கிதான் பிரச்சனை, அத அப்புறம் பாக்கலாம்னுட்டேன்.

இன்னொருத்தர் புனலூர்ல நம்ம பாக்கெட் போடுற பேக்கரிக்குப் பக்கத்துல கடை வச்சுருக்க ஆட்டோ எலக்ட்ரீசியன். டீ குடிக்கிறப்ப இந்தக் கதையப் புலம்புனேன். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே வார்த்தை, "அண்ணாச்சி, எர்த்து நோக்கியோ?" எர்த்து பாத்தீங்களான்னு கேக்குறாரு, கரண்டு வேலைய முடிச்சுட்டு வண்டி பாடி வழியா பேட்டரிக்குத் திரும்பிப் போற வழிதான் எர்த்து. நான் ரொம்பத் தெரிஞ்சவன் மாதிரி, சேட்டா மீட்டர் வச்சுப் பாத்துட்டேன், 12.4 இருக்குன்னேன். மீட்டரோட கறுப்பு முனைய எங்க வச்சீங்கன்னாரு. பாடில ஒரு போல்ட்டுல வச்சேன்னேன். அவரு சிரிச்சுட்டு டீக்கு காசு குடுக்கப் போயிட்டாரு.

அந்தச் சிரிப்பு தென்மலை வளைவு பூரா கூடவே வந்துச்சு. 13 கண் ரயில் பாலத்துக்கிட்ட வர்றப்ப வெளங்கிருச்சு. பாடி போல்ட்டுல வச்சா பாடிக்கு எர்த்து நல்லா இருக்குன்னுதான் காட்டும், பூட்டு மோட்டாரோட எர்த்து ஒயரு நல்லா இருக்கான்னு அது காட்டவே காட்டாது. போதாததுக்கு நான் பாத்ததெல்லாம் டிக்கி திறந்து கெடக்குறப்ப, கோளாறு வர்றதோ மூடிக் கெடக்குறப்ப.

அப்ப மூடி வச்சுகிட்டு அளக்கணும். அதுக்கு ஒரு வழி பண்ணேன், இதத்தான் யாருக்காவது உபயோகப்படும்னு விவரமா எழுதுறேன். பூட்டுக்குப் போற கனெக்டரக் கழட்டாம, பின்பக்கம் ஒயர் நுழையிற ஓட்டை வழியா ஒவ்வொரு ஒயரோட ஒட்டி ஒரு குண்டூசிய உள்ள எறக்குனேன், ஒயரக் குத்தல, ஒயருக்கும் ரப்பருக்கும் நடுவுல. ரெண்டு குண்டூசி, ஒண்ணு மோட்டாருக்கு கரண்ட் வர்ற பச்சை ஒயர்ல, ஒண்ணு கறுப்புல, இந்த வண்டில கறுப்புத்தான் எர்த்து. ரெண்டு ஊசித் தலையிலயும் பழைய ஹெட்போன்ல இருந்து உருவுன மெல்லிசு ஒயர ஒரு மீட்டர் நீளத்துக்கு சால்டர் வச்சு, ஊசியோட ஊசி முட்டாம இன்சுலேஷன் டேப் சுத்தி, ஒயர மூடியோட ஓரத்து ரப்பர் வழியா வெளிய எடுத்தேன். ஒயர் மெல்லிசுங்கறதால டிக்கி அழகா மூடிக்கிச்சு. இப்ப டிக்கி மூடிருக்கு, அதோட நரம்பு ரெண்டும் என் கையில.

மச்சினன் டிரைவர் சீட்டுல ஒக்காந்து பட்டன அமுக்குனான். பச்சைக்கும் பாடிக்கும் நடுவுல 12.3. அடுத்து கறுப்புக்கும் பாடிக்கும் நடுவுல. அது பூச்சியமா இருக்கணும், எர்த்துன்னா அதுதான. அமுக்குற நேரம் ரொம்பக் கம்மிங்கறதால மீட்டர்ல நம்பர் நிக்கல, 5ங்குது, 7ங்குது, ஓடுது. எர்த்து ஒயர்ல வோல்ட்டு ஏறுது. சரின்னு கறுப்புல இருந்து வந்த ஒயரு முனைய சைலன்சர் பிடிக்குற போல்ட்டுல சுரண்டிப் பிடிச்சுகிட்டு இப்ப அமுக்குலேன்னேன்.

டிக்கி என் மோவாயில வந்து இடிச்சுச்சு. வலி ஒண்ணும் தெரியல.

நம்பர் பிளேட் லைட்டு மர்மமும் அதோட தீந்துருச்சு. மூடில இருக்க பூட்டு, நம்பர் பிளேட் லைட்டு, மேல இருக்க பிரேக் லைட்டு மூணுக்கும் ஒரே கறுப்பு ஒயரு. அது அறுந்ததும் நம்பர் பிளேட் லைட்டோட கரண்டு போக வழி இல்லாம பிரேக் பல்புக்குள்ள பூந்து, அதோட ஒயர் வழியா கீழ இருக்க மத்த பிரேக் பல்புகளுக்குப் போயி அங்க எர்த்தப் பிடிச்சு எரிஞ்சுட்டு இருந்துருக்கு. பிரேக்க மிதிச்சா அந்தப் பக்கமும் 12 வோல்ட்டு வந்துரும், ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தம், கரண்டு எங்க போகும், லைட்டு அணையும். மச்சினனுக்கு அன்னிக்கு பார்டர் புரோட்டா வாங்கிக் குடுத்தேன், வேற வழியில்ல.

இனி ஒயர் எங்க அறுந்துருக்குன்னு பாக்கணும், அதுக்கு யோசிக்கவே வேண்டாம், மூடி மடங்குற இடத்துல பாடிக்கும் மூடிக்கும் நடுவுல ஒரு சுருக்கு வச்ச ரப்பர் குழாய் போகும், அதுக்குள்ளதான் எல்லா ஒயரும். பேட்டரி நெகட்டிவக் கழட்டிட்டு சோப்புத் தண்ணிய விட்டு ரப்பர நகத்துனேன். உள்ள எட்டு ஒயரு. கண்ணால பாத்தா எட்டும் நல்லாத்தான் தெரியுது, கறுப்போட தோலு ஒரு கீறல் கூட இல்ல. ஒவ்வொண்ணையும் ரெண்டு விரலால பிடிச்சு வளச்சு வளச்சுப் பாத்துட்டே வந்தேன். மத்ததெல்லாம் வளைக்குறப்ப ஒரு முறுக்கு இருக்கும், எதுத்து நிக்கும். கறுப்பு மட்டும் ஒரு இடத்துல நாடா மாதிரி பொதுக்குனு மடங்குச்சு. பிளேடால தோல நீள வாக்குல கீறுனா, உள்ள செம்பு முழுக்க பாசி பிடிச்ச பச்சை, இழையெல்லாம் பொடிப்பொடியா அறுந்து, ரெண்டு முனைக்கும் நடுவுல நாலு மில்லி இடைவெளி, ரெண்டே ரெண்டு இழை மட்டும் எதிரெதிரா நீட்டிகிட்டு நிக்குது. டிக்கிய மேல தூக்குனா ஒயரு வளைஞ்சு அந்த ரெண்டு இழையும் தொட்டுக்கும், மூடுனா பிரிஞ்சுரும். ரப்பர்ல அடிப்பக்கம் ஒரு வெடிப்பு, சாரல் தண்ணி அது வழியாத்தான் உள்ள போயிருக்கு. பச்சை ஒயருக்குப் பக்கத்துல இருந்த ஒரு சிவப்புலயும் தோல் வெடிக்க ஆரம்பிச்சுருந்துச்சு.

இங்க ஒரு தப்பு பண்ணேன், ஒன்பது நாள் தப்பு. அறுந்த இடத்துலயே ரெண்டு முனையவும் முறுக்கி சால்டர் வச்சு ஸ்லீவு போட்டு மூடிட்டேன். அருமையா வேலை செஞ்சுச்சு. நான் மறந்தது என்னன்னா சால்டர் ஈயம் இழைகளுக்குள்ள ஊறிப் போயி ஒயரக் கம்பியாக்கிரும், அது மடங்குற இடத்துல இருந்தா ஈயம் முடியிற விளிம்புல படக்குனு ஒடிஞ்சுரும். ஒன்பதாவது நாள் அதே மாதிரி ஒடிஞ்சது, தென்மலைல, மழைல.

ரெண்டாவது தடவ ஒழுங்கா பண்ணேன். மடங்குற பகுதிய விட்டே தள்ளி, பாடிக்குள்ள பத்து சென்டிமீட்டர், மூடிக்குள்ள பத்து சென்டிமீட்டர் தள்ளி வெட்டுனேன், நடுவுல 35 சென்டிமீட்டருக்கு புது ஒயரு, ஒட்டு எதுவும் ரப்பருக்குள்ள வராது. 1 ஸ்கொயர் எம்எம், வண்டிக்குன்னு விக்கிற மெல்லிழை ஒயரு, வீட்டு வயரிங் ஒயரு விறைப்பா இருக்கும் அது ஆகாது. கறுப்பையும் வெடிச்ச சிவப்பையும் சேத்து மாத்துனேன், ரெண்டு ஒட்டும் பக்கத்துல பக்கத்துல வராம மூணு சென்டிமீட்டர் ஏத்தி இறக்கி. சூடு பண்ணா சுருங்குற ஸ்லீவு, மேல துணி டேப்பு. ரப்பரு வெடிப்ப சைக்கிள் பஞ்சர் பசையும் டியூப் துண்டும் வச்சு ஒட்டி, உள்ள கொஞ்சம் முகப்பவுடரக் கொட்டித் திரும்ப இழுத்து மாட்டுனேன், பவுடர் இருந்தா ஒயரு ரப்பரோட ஒட்டாம வழுக்கும். எல்லாம் சேத்து நாலு மணி நேரம், அதுல ஒரு மணி நேரம் ரப்பரோட மல்லுக்கட்டு.

செலவு சொல்றேன். உண்மையிலயே தேவைப்பட்டது ஒயரு ரெண்டு மீட்டர் 50, ஸ்லீவு 30, துணி டேப்பு 90, கிளிப்பு மூணு 45, ஆக 215 ரூபா. தேவையில்லாம போனது பேட்டரி 60, சுவிட்ச் 50, கிரீஸ் 120, பழைய பூட்டு 1,400, ஆக 1,630. புரோட்டா கணக்குல சேக்கல.

அடுத்த தடவ இதே மாதிரி வந்தா முதல்ல இண்டிகேட்டர் மின்னுதான்னு பாப்பேன், அடுத்து உள் பட்டன், அடுத்து ராத்திரில யாரையாவது பின்னாடி நிக்க வச்சு எல்லா லைட்டும் போட்டு பிரேக் மிதிப்பேன், இந்த மூணுக்கும் அஞ்சு பைசா செலவில்ல. மீட்டரோட கறுப்பு முனைய பாடில வைக்க மாட்டேன், அந்தப் பொருளோட சொந்த எர்த்துல வைப்பேன். சாவித் துவாரத்துல வருசத்துக்கு ரெண்டு தடவ சாவியப் போட்டுத் திருப்பணும், அத இப்பவே ஆரம்பிச்சுட்டேன். புனலூர் சேட்டன் மூடிக்கும் பாடிக்கும் தனியா ஒரு எர்த்து பட்டையும் போட்டுருங்க அண்ணாச்சின்னாரு, இன்னும் போடல, ஐப்பசி மழைக்கு முன்னாடி போடணும். ரப்பர் குழாய் புதுசு கிடைக்குமான்னு அந்த உடைக்கிற இடத்துல சொல்லி வச்சுருக்கேன்.

1,400 ரூபா பூட்டு வண்டிலதான் இருக்கு. நல்லா இருக்க பழைய பூட்டு பரண்ல கெடக்கு, கிரீஸெல்லாம் வச்சு பளபளன்னு. யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, 700-க்குத் தர்றேன்.